எல்லாம் உங்கள் மனசுக்குள்தான்

சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டர் கோதண்டபாணியின் வீட்டுக்கு அன்னம்மாள் வாரத்தில் நான்கு நாள், காலை ஆறே முக்காலுக்குப் போவாள். தெருவைப் பார்த்துத் தனி வாசல் வைத்த அறை. உள்ளே ஒரு தேக்குக் கட்டில். அதன் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி. அவள் கட்டிலில் படுத்து, மனதில் வருவதை வருகிறபடியே சொல்ல வேண்டும். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. அவர் முகம் தெரியாமல் பின்னால் உட்கார்ந்து கேட்பார். எப்போதாவது இரண்டு வாக்கியம் பேசுவார். ஐம்பது நிமிடம் ஆனதும் அவள் எழுந்து போய்விடுவாள்.

அவள் நோயாளி இல்லை. அவளே டாக்டர். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநோய் மருத்துவத்தில் டிப்ளமாவும் வாங்கி, ரயில்வே ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில் அவளுக்குச் சம்மதமில்லை. பேச்சைக் கேட்டே மனிதரைக் குணப்படுத்தும் வித்தை ஒன்று இருக்கிறதென்றால் அதைக் கற்றே தீருவது என்று இருந்தாள். உளப்பகுப்பாய்வாளர் ஆக விரும்புகிறவர் முதலில் தாமே வருஷக்கணக்கில் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. தன் மனசு தெரியாதவர் அடுத்தவர் மனசில் கைவைக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். கடைசியில், வடக்கே இருந்த உளப்பகுப்பாய்வாளர் சங்கத்தின் பயிற்சிக் குழு சம்மதித்தால்தான் பட்டம்.

கோதண்டபாணி லண்டனில் பன்னிரண்டு வருஷம் இருந்து படித்துவிட்டு, வயதான தாயாருக்காக ஊர் திரும்பியவர். பயிற்சி கொடுக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஆகவே அவளைக் கட்டிலில் படுக்கவைத்துக் கேட்பதும் அவரே, அவள் பார்க்கும் நோயாளிக்கு மேற்பார்வையும் அவரே.

எழுபதாம் வருஷம் ஆனியில் முதல் நாள் போனபோது அவர் ஊரைக் கேட்டார்.

"திருப்புட்குழி சார்."

"கோயில் பக்கமா?"

"இல்ல சார். காலனி."

அந்த ஒரு வார்த்தை மீதியைச் சொல்லிவிட்டது. அவர் "ம்" என்றார். தாத்தா பண்ணையாளாக இருந்தவர் என்பதையும், அப்பா சாமுவேல் படித்து மிஷன் பள்ளி வாத்தியார் ஆனவர் என்பதையும் அவளே பிறகு கட்டிலில் படுத்தபடி சொன்னாள். சொல்வதற்குத்தானே அந்தக் கட்டில்.

முதல் வருஷத்திலேயே ஒன்று அவள் காதில் பட்டது. அறையை விட்டு இறங்கித் தெருக்கோடி போவதற்குள் பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். ஒரு நாள் அதையும் ஒளிக்காமல் சொன்னாள். "நான் போனதும் யாரோ கழுவுற மாதிரி இருக்கு சார்."

பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரைக் கழுவறா? எதைக் கழுவறா? உங்க தாத்தாவோட அவமானத்தை இன்னமும் உங்க உடம்பு மேல சுமக்கறேள். நாம அழுக்குங்கற எண்ணம் உங்க மனசுக்குள்ள இருக்கு. அதுதான் வெளியில சத்தமா கேக்கறது."

அன்னம்மாள் அன்று அழுதாள். அவர் சொன்னது அவ்வளவு சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைத்தாள். அதன் பிறகு வாளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைத் தானே அதட்டிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு முதல் நோயாளியை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. தேவகி என்று பெயர், இருபத்திரண்டு வயது. வலது கை விரல்கள் முஷ்டி பிடித்தபடி இறுகிப்போயிருந்தன. நரம்பில் கோளாறில்லை, எலும்பில் கோளாறில்லை என்று பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு இவளிடம் அனுப்பியிருந்தார்கள். நெசவுக் குடும்பம். உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவரின் வலப்பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கரைக்கு உள்ள, நூல் சுற்றிய நாடாக்கட்டையை இன்னொருவர் தள்ளிவிட வேண்டும். தேவகியின் புருஷன் சாயப்பட்டறைக்குப் போய்விடுவான். தறியில் உட்காருவது அவனுடைய அண்ணன் ஆதிகேசவன். அவன் பக்கத்தில் நாள் முழுக்கத் தேவகி.

இரண்டு மாதம் எதையெதையோ பேசிவிட்டு, ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள். "எங்க மூத்தாரு, கால எடுத்து என் கால் மேல வச்சிக்கினேதான் நெய்வாரு டாக்டரம்மா. கை எங்கெங்கியோ போவும். எட்டிக் குந்தினா நாடா எட்டாது. சேல கெட்டுப்பூடுச்சின்னு அவரே சத்தம் போடுவாரு. யாருகிட்ட சொல்றது?"

சனிக்கிழமை மேற்பார்வையில் அன்னம்மாள் இதைச் சொன்னபோது கோதண்டபாணி லேசாகச் சிரித்தார். "நம்ம துறையோட பாலபாடமே இதுதான். புகார் மாதிரி வரும். உள்ளே இருக்கறது ஆசை. அந்த ஆசையை அவ தாங்க முடியாம அவர் மேல போடறா. கை ஏன் மடங்கித்து? நீட்டத் துடிச்ச கை அது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

அன்னம்மாளுக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. தேவகி அதைச் சொன்னபோது அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தவள் அவள். ஆனாலும் படித்தவர், மூத்தவர், இருபது வருஷ அனுபவம். அடுத்த தடவை, கற்றுக்கொண்ட நிதானக் குரலில் சொன்னாள். "தேவகி, அவர் மேல உனக்கே ஒரு ஆசை இருந்திருக்கலாம். அது உனக்கே தெரியாம இருக்கலாம்."

தேவகி எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சரிங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவேயில்லை.

"எதிர்ப்பு" என்றார் கோதண்டபாணி. "நிஜத்தைச் சொன்னா நோயாளி ஓடிடுவா. சரியான இடத்தைத் தொட்டிருக்கேள்." அன்னம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி வந்தது. விடாத மழை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அறையை விட்டு இறங்கி வரதராஜப் பெருமாள் கோயில் மதில் வரை நடந்த பிறகுதான் குடையை வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. தூறல் அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தது. திரும்பினாள்.

அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கட்டில் சுவரை விட்டு நகர்த்தப்பட்டிருந்தது. அவள் சற்று முன் படுத்திருந்த நீலக் கோடு போட்ட விரிப்பு வாளியில் முங்கிக் கிடந்தது. வேலைக்காரி பொன்னியம்மாள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அலமாரிப் பலகையில் வெள்ளை விரிப்பு ஒன்றும், பூவேலை செய்த தலையணை உறையும் மடிப்புக் கலையாமல் காத்திருந்தன. உள்ளிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. "கட்டில் காலையும் அலம்பினியாடீ?"

"ஆச்சும்மா" என்று நிமிர்ந்த பொன்னியம்மாள் வாசலில் நின்றவளைப் பார்த்தாள். துடைப்பம் அப்படியே நின்றது. வாசல்படி வழியாக ஓடிவந்த தண்ணீர் அன்னம்மாளின் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போயிற்று.

பொன்னியம்மாள்தான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். மதிலோரம் நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நானா செய்யல டாக்டரம்மா. பெரியம்மாதான் செய்யச் சொல்றாங்க. நீங்க வந்த நாள்லேந்து கழுவிக்கினுதான் இருக்கேன்."

"எல்லாருக்கும் கழுவுவீங்களா?"

பொன்னியம்மாள் தரையைப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டுந்தாம்மா."

"சாருக்குத் தெரியுமா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க. அவரு அந்த நாக்காலிய வுட்டு எழுந்தாத்தானே நான் தண்ணியே ஊத்த முடியும்." சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேர சொல்லிடாதீங்கம்மா. எனக்கு இந்த ஊடு வுட்டா வேற கெதி இல்ல."

அன்னம்மாள் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டு நோயாளிகளைப் பார்த்தாள். ஒன்பதாவது ஆள் வந்து உட்கார்ந்தபோது அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வருஷம். வாரத்துக்கு நான்கு நாள். நானூறு வாளித் தண்ணீருக்குக் குறையாது. காதால் கேட்டதைக் காது கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவளும் அழுது, நன்றி சொல்லி, நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்திருக்கிறாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சீனிவாசனைப் பிடித்தாள். கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கும் அவனும் அதே பயிற்சியில் இருப்பவன். அவள் போன பிறகு எட்டேகால் மணிக்கு அதே கட்டிலில் படுப்பவன்.

"நீ படுக்கற விரிப்பு இன்னா கலர்?"

"வெள்ளை. ஏன்?"

அவள் சொன்னாள். சீனிவாசன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"தரை தினம் ஈரமா இருக்கும்" என்றான். "நான் சுத்தத்துக்குன்னு நெனச்சிக்கிட்டேன்."

"நெனச்சிக்கிட்டியா, நெனைக்க வேணாம்னு இருந்துட்டியா? சங்கத்துக்கு நான் எழுதப் போறேன். நீயும் ஒரு வரி எழுது. வெள்ளை விரிப்பு, ஈரத் தரை. அவ்வளவுதான்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு அன்னம்மாள்" என்றான் அவன். அவளால் அதற்கு மேல் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது சாமுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "பட்டம் கைக்கு வர்ற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு இரும்மா. நாங்கள்லாம் அப்படித்தான் மேல வந்தோம்."

"எம் பல்லு தேஞ்சு போச்சுப்பா" என்றாள்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் போனாள். கட்டிலில் படுக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, நாற்காலியை நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அந்த அறையில் முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சின்ன முகம். சவரம் செய்தபோது பட்ட கீறல் ஒன்று தாடையில் இருந்தது.

"இன்னிக்குப் படுத்துக்கலை" என்றார் அவர்.

"இந்த விரிப்பு எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எனக்கு மட்டும்னு தோணறதா? அதைப் பத்தி மேல சொல்லுங்கோ."

"தோணலை சார். கேக்கறேன். ஆமாவா, இல்லையா?"

அவர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "ஆமா, இல்லைன்னு நான் பதில் சொன்னா உங்க மனசு எங்கே போறதுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்."

"நான் போனதும் இந்த அறையைக் கழுவுறாங்க. வெள்ளிக்கிழமை என் கண்ணால பார்த்தேன்."

"குடையை விட்டுட்டுப் போனேள் இல்லையா? திரும்பி வரணும்னு உங்களுக்குள்ள ஒரு விருப்பம். வந்து எதையாவது பாக்கணும்னு ஒரு தேடல். அவமானத்தைத் தேடிண்டு வரேள். சின்ன வயசுலேருந்தே..."

அவர் குரல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அன்னம்மாள் வேறெங்கோ கேட்டிருந்தாள். எங்கே என்று சட்டெனப் புரிந்தது. அது அவளுடைய குரல். தேவகியிடம் அவள் பேசிய குரல். உனக்கே ஒரு ஆசை இருந்திருக்கலாம், அது உனக்கே தெரியாம இருக்கலாம். இதே இழுப்பு, இதே பொறுமை.

எழுந்து நின்றாள். காலேஜ் தமிழ் எங்கேயோ போய்விட்டது. காலனித் தமிழ் வந்தது.

"சரி, பாக்கத்தான் வந்தேன்னே வச்சிக்குவோம். பாத்தேன் இல்ல? நான் ஏன் வந்தேன்றது என் மனசுல இருக்கட்டும். கழுவுன தண்ணி உங்க வாசல்ல ஓடிக்கினு இருக்குது சார். அது யாரு மனசு?"

"உங்க கோபம்..."

"ஆமா, கோவந்தான். எங்க தாத்தா மேல இல்ல, எங்க அப்பா மேல இல்ல. உங்க மேல. மொதல் வருஷமே நான் காதால கேட்டதச் சொன்னேன். நீங்க அந்த நாக்காலியிலதானே குந்திக்கினு இருந்தீங்க? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே, எல்லாம் உங்க மனசுக்குள்ளன்னு சொன்னீங்க. நான் அழுதேன். அழவிட்டுப் பாத்துக்கினு இருந்தீங்க."

உள்ளறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அடங்கியது. கோதண்டபாணி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, வேறு ஆள் பேசுவதுபோல, மிகவும் சின்னக் குரலில் சொன்னார். "ஆத்துல அம்மா இருக்கா. எண்பத்திரண்டு வயசு. நீங்க உள்ள வரதுக்கே நான் எவ்வளவு போராட வேண்டியிருந்தது தெரியுமா? நான் என்ன செய்யட்டும்?"

அவர் பேசிய முதல் உண்மை அதுதான். ஒரு கணம் அவள் மனம் இளகியது. இளகியதே அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

"இதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே. எங்க அம்மா இப்படி, என்னால தடுக்க முடியல, மன்னிச்சிக்கோன்னு ஒரு வார்த்த. நான் போயிருப்பேன், இல்ல சகிச்சிக்கினு இருந்திருப்பேன். என் புத்தி என்கிட்ட இருந்திருக்கும். துணியக் கழுவுனீங்க, தொலையட்டும். எங்கிட்ட இருந்த நெஜத்தக் கழுவுனீங்களே!"

கோதண்டபாணி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் பாக்கியிருந்தது. அன்னம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

சங்கத்துக்கு நான்கு பக்கம் எழுதினாள். பொன்னியம்மாள் பெயரை எழுதவில்லை. சாட்சி என்று வேறு யாரும் இல்லை. மார்கழியில் பதில் வந்தது. பயிற்சியளிப்பவரின் அறிக்கையைக் குழு பரிசீலித்ததாம். பயிற்சி பெறுபவரிடம் தீராத பகைமை காணப்படுகிறது. கற்பனையையும் யதார்த்தத்தையும் பிரித்தறியும் திறன் போதவில்லை. ஆகவே பயிற்சி நிறுத்தப்படுகிறது. டைப் அடித்த ஒன்பது வரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தவள் அதைக் கிழிக்கவில்லை. கற்பனையையும் யதார்த்தத்தையும் பற்றிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இதே வரியைத்தான் அவள் தன் நோட்டில் தேவகியைப் பற்றி, கிட்டத்தட்ட இதே சொற்களில், எழுதிவைத்திருந்தாள்.

தேவகியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஐப்பசியிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். வேலை, மழை, ஆஸ்பத்திரி என்று தள்ளிப்போட்டாள். உண்மை என்னவென்றால் வெட்கம். அன்றே நெசவாளர் தெருவுக்குப் போனாள். கதவைத் திறந்த ஆதிகேசவன், "கை வெளங்காதவள வச்சிக்கினு நாங்க இன்னா செய்யறது? தென்னேரிக்கு அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றான். உள்ளே தறியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதுகூட இருக்காது. அவன் திரும்பிப் போய் அவளருகில் உட்கார்ந்தான். அன்னம்மாள் வாசலில் நின்றபடியே, தெருவுக்கே கேட்கும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "அந்த ஆள் உன் மேல கை வச்சா ரயில்வே ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டர் அன்னம்மாள்னு கேளு. நீ சொல்றத நான் நம்புவேன்." ஆதிகேசவன் எழுந்து கத்தத் தொடங்கினான். அவள் நிற்கவில்லை.

மறுநாள் வாலாஜாபாத் போய் பஸ் மாறித் தென்னேரிக்குப் போனபோது பகல் பதினொன்று. ஏரி தளும்பிக் கிடந்தது. மதகோரம் துணி துவைக்கும் பெண்களுக்கு நடுவே தேவகி இடது கையால் ஒரு போர்வையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். வலது கை இடுப்போடு மடங்கியே இருந்தது. அன்னம்மாளைப் பார்த்ததும் போர்வை கையிலிருந்து நழுவியது.

"இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"நீ சொன்னது நெஜம் தேவகி. நான் சொன்னது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

தேவகி வெடித்தாள்.

"அத இப்ப வந்து சொல்றியா? நீ பட்ச்சவ! உன்ன நம்பி வாயத் தொறந்தேன். எம் புருசன்கிட்ட சொல்லல, பெத்தவகிட்ட சொல்லல, உன்கிட்ட சொன்னேன். எனக்கே ஆசன்னு சொன்ன. அன்னிலேந்து நானே என்ன சந்தேகப்பட்டுக்கினேன். கண்ணாடியில மூஞ்சப் பாக்க முடியல. அந்த நாய் மேல எனக்கு ஆசையா? சொல்லு! எனக்கு ஆசையா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குச் சொன்ன?"

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்னம்மாளின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. எனக்கும் இப்படித்தான் நடந்தது, என்னையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள், மேலே இருந்தவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் சொல்லவில்லை, விழுங்கிக்கொண்டாள். அது அவள் கதை. இந்தப் பெண்ணின் கோபத்துக்குக் குறுக்கே அதைக் கொண்டுவந்து போட அவளுக்கு உரிமையில்லை.

"எனக்குள்ள நீ சொல்றது நெஜம்னு பட்டுது. அத வுட்டுட்டு வேறொருத்தர் பேச்ச நம்பினேன். தப்பு என்னோடதுதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" தேவகி ஈரப் போர்வையை இடது கையால் வாரியெடுத்து அவள் காலடியில் அடித்தாள். சேறு தெறித்து அன்னம்மாளின் சேலையெல்லாம் ஆயிற்று. அவள் நகரவில்லை. தேவகி திட்டினாள். மூத்தாரைத் திட்டினாள், ஒன்றும் கேட்காத புருஷனைத் திட்டினாள், கட்டிக்கொடுத்த அம்மாவைத் திட்டினாள், மறுபடி அன்னம்மாளுக்கே வந்தாள். அன்னம்மாள் மதகுக் கல்லில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லவில்லை. மூச்சு வாங்கி தேவகி நிறுத்தியபோது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது.

அன்னம்மாள் எழுந்தாள். "நான் போவட்டுமா?"

"போ. வர்ற புதன்கெழம வா" என்றாள் தேவகி. அவள் குரலில் இன்னும் சூடு தணியவில்லை. "நான் திட்டினது பாதிகூட ஆவல."

புதன்கிழமை அன்னம்மாள் போனாள். அடுத்த புதனும் போனாள். பங்குனி வரைக்கும் ஒரு புதன்கூடத் தவறவில்லை. மாசியில் தேவகி, ஊரார் முன்னால் புருஷனை நிற்கவைத்து அவனுடைய அண்ணன் செய்ததைச் சொன்னாள். சிலர் நம்பினார்கள், சிலர் காறித் துப்பினார்கள். அவள் தறிக்குத் திரும்பவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீண்டன. மற்ற மூன்றும் அப்படியேதான் இருந்தன. பட்டம் அன்னம்மாளுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. சீனிவாசனுக்குக் கிடைத்தது. அந்தச் சேதி வந்த அன்றும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அறைக்கு வெளியே மூன்று நோயாளிகள் காத்திருந்தார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாள்.